அதே அறையில் இன்னொரு பிரசவம்

அருளக்கா, என் கூடப் பிறந்தவளே,

சூசை மாமாவுக்குப் பெண் குழந்தை பிறந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டது. உன் புருஷனின் குழந்தையைப் பற்றி உன்னிடம் நான் சொல்வதுதான் முறை. பிரசவம் பார்த்தவள் நான்.

நீ போய் இரண்டு வருஷம் கழித்து மாமா மறுமணம் செய்துகொண்டார். பெண் நொச்சிக்குப்பத்துக்காரி, பெயர் பிலோமினா. அப்பா கட்டுமரத்தில் போகிறவர், அம்மா ரோட்டோரம் மீன் விற்கிறவள். கோயிலில் கல்யாண ஓலை வாசித்தபோது நான் பூசையில்தான் இருந்தேன். கல்யாணத்துக்கும் போனேன், சாப்பிட்டேன், வந்தேன். உன்னை நினைத்து நான் அழுவேன் என்று அம்மா எதிர்பார்த்தாள். எனக்கு அழுகை வரவில்லை.

நான் பிரசவ நர்ஸ் ஆனது உனக்குத் தெரியாது. உன்னை அடக்கம் செய்த சில மாதங்களிலேயே பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டேன். உனக்குப் பிரசவம் பார்த்தவள் அடுப்படியிலிருந்த விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்துக் கையில் ஊற்றிக்கொண்டாளே, அதை நான் நிலைப்படியில் நின்று பார்த்தேன். அவள் கை கழுவவில்லை. பிறகு உனக்குக் காய்ச்சல் கண்டது. அந்த வாரத்துக்குள் குழந்தையும் போயிற்று, நீயும் போனாய். எண்ணெய்தான் கொன்றது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு டியூபிலிருந்து வழவழப்பான ஜெல்லியைப் பிதுக்கி, குழந்தை வரும் வழியில் தடவியதை முதன்முதல் பார்த்தபோது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். போகப்போகப் பழகிவிட்டது. முதலில் சோப்பு, அப்புறம் கொதித்து ஆறிய தண்ணீர், ரப்பர் கையுறை, அதன்பிறகுதான் ஜெல்லி. வழி வறண்டு கிடந்தால் சதை கிழியும், வழுக்கல் இருந்தால் தலை இறங்குவது கொஞ்சம் சுலபம் என்றார்கள். உன்னைக் கொன்றது எண்ணெய் அல்ல, அதோடு கையில் வந்த அழுக்கு என்று இப்போது நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும். இனி யார் வந்து நிச்சயமாகச் சொல்லப்போகிறார்கள்?

போன கார்த்திகைப் புயலில் பிலோமினாவின் தாய்வீட்டுக் குடிசை விழுந்துவிட்டது. அதனால் தலைப்பிரசவமாக இருந்தும் அவள் சாந்தோமில் மாமா வீட்டிலேயே இருந்தாள். அவளுடைய அம்மாவும் வந்து தங்கியிருந்தாள். ஒரு நாள் காலையில் மாமா முழங்கால் வரை நனைந்து என் வாசலில் நின்றார்.

"ரோடெல்லாம் தண்ணி, ஞானம். வண்டிக்காரன் ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். வலி எடுத்துடுச்சு."

பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். யுத்தத்தால் ஜெல்லி வருவது குறைந்திருந்தது. டாக்டரம்மா கொடுத்திருந்த பாதி டியூப் பையில் இருந்தது.

அதே அறை, அக்கா. சுண்ணாம்பு மட்டும் புதிது. பிலோமினா சுவரைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா என்னைப் பார்த்ததும், "வந்துட்டியாம்மா! காலீலேர்ந்து தவிச்சிகினு கீது. இன்னான்னு பாரு" என்றாள்.

பிலோமினா கேட்டது வேறு. "அக்கா, அவங்க எந்தப் பக்கம் படுத்துகினு இருந்தாங்க?"

அவள் யாரைக் கேட்கிறாள் என்று தெரிந்தது. "ஜன்னல் பக்கம்" என்றேன்.

"அப்போ எனக்கும் அங்கியே பாயப் போடு. வெளிச்சமா கீது."

பாயைப் போட்டேன்.

மத்தியானம் தலை தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு வலியின்போதும் முன்னே வந்து, திரும்ப உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் களைத்துவிட்டாள். நான் கையைக் கழுவி, கையுறை போட்டு, டியூபைப் பிதுக்கினேன். அப்போது வெந்நீர்ப் பாத்திரத்தோடு மாமா திரையின் ஓரத்தில் வந்து நின்றார். என் விரல்களில் பளபளத்ததைப் பார்த்துவிட்டார். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"அது வேணாம், ஞானம்."

"மாமா, இது எண்ணெய் இல்ல. மூடின டியூப்ல வர்றது."

"என்னவா வேணா இருக்கட்டும். இந்த ரூம்ல ஒருத்தியப் பறிகுடுத்துட்டேன். உன் கண்ணு முன்னாலதானே பறிகுடுத்தேன்?"

குரல் உடைந்துவிட்டது அவருக்கு. நீ போன பிறகு அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. என் கை அப்படியே நின்றது. அந்த நேரத்தில் நான் நர்ஸா, உன் தங்கையா?

முடிவு சொன்னவள் பிலோமினா. முழங்கையை ஊன்றித் தலையை நிமிர்த்தினாள். "நீங்க அந்தாண்ட போங்க. வலி எனக்கு. கூடப் பொறந்தவளப் பறிகுடுத்தவங்க, தெரியாமயா செய்வாங்க? நீ போடுக்கா."

மாமா போய்விட்டார். வெளியே அவர் செபமாலை சொல்லும் முணுமுணுப்பு கேட்டது.

நான் சுற்றிலும் மெல்லத் தடவினேன். "எரியுதுக்கா, எரியுது" என்றாள். "முக்காதே, வாயைத் திறந்து மூச்சு விடு" என்றேன். அவளுடைய அம்மா தோளைத் தாங்கிக்கொண்டாள். அடுத்த வலியில் தலை திரும்பிப் போகவில்லை. நெற்றி, மூக்கு, முகவாய் என்று நிதானமாக வெளியே வந்தது. சின்னக் கீறல் ஒன்றுதான். தையல் தேவைப்படவில்லை. ஜெல்லியால்தான் என்று நான் சாதிக்கமாட்டேன். குழந்தைக்குத் தலை சிறியது, பிலோமினாவுக்கும் பொறுமை இருந்தது.

குழந்தை வீரிட்டதும் மாமா உள்ளே வந்தார். குழந்தையைப் பார்க்கவில்லை. பிலோமினாவின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். நானும் தினமும் போய்க் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவேயில்லை. உனக்கு வந்த நாளை அவள் தாண்டிய அன்றைக்கு, வீட்டுக்குத் திரும்பும் வழியில், கடற்கரை மணலில் உட்கார்ந்து அழுதேன். கல்யாணத்தன்று வராத அழுகை. உனக்காகவா, அவளுக்காகவா?

குழந்தைக்கு உன் பெயரை வைக்கலாமா என்று மாமா கேட்டார். வேண்டாம் என்றேன். ரெஜினா என்று வைத்திருக்கிறார்கள்.

வரும் கல்லறைத் திருநாளுக்கு மூன்று பேரும் உன்னிடம் வருகிறார்கள். போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது பிலோமினா கேட்டாள்: "பாப்பா அவங்கள இன்னான்னு கூப்பிடணும்கா?" மாமா தரையைப் பார்த்தார். யாரும் உன்னை எதுவாகவும் கூப்பிட்டுப் பல காலம் ஆகிவிட்டது.

"பெரியம்மான்னு கூப்பிடட்டும்" என்றேன்.

ரெஜினாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. வந்ததும் உன் கல்லறைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தச் சொல்லைச் சொல்லவைப்பது என் பொறுப்பு. 

இப்படிக்கு,
உனக்குத் தங்கை, அவளுக்குச் சித்தி,
ஞானம்