பெட்டியில் பூட்டிய கட்டுரை

மேல் டிவிஷன், பிரிஞ்சாங்
8.2.1983

அன்பு மகள் சாரதாவுக்கு அம்மா ஆசியோடு எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீ படிக்கப் போன அந்தக் குளிர் தேசத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, பீடிதான் குறையவில்லை. உன் தம்பி ராஜு கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறான், மாதம் ஒருமுறை முகம் காட்டுகிறான்.

இனி சொல்லப்போவதற்குக் கோபப்படுவாய், முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு. நீ அடிக்கடி அறை மாறுவதால் அந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு நம் தோட்ட விலாசத்தைக் கொடுத்தாய் அல்லவா, அவர்கள் உறை பொங்கலுக்கு முந்தின வாரமே வந்துவிட்டது. பிரித்தால், தேயிலைக் கொப்புள நோயைப் பற்றி நீ எழுதின கட்டுரை முழுசாக உள்ளே இருக்கிறது, ஓரமெல்லாம் சிவப்பு மை. கூடவே ஒரு இங்கிலீஷ் கடிதம், அது எனக்கு எங்கே புரியும். நம் தோட்டத்து வழக்கம் உனக்குத் தெரியும். துரை ஒப்புக்கொண்ட மனு ஆபீசிலேயே தங்கிவிடும், ஒப்பாத மனுதான் நம் கைக்குத் திரும்பி வரும். லைன் வீட்டுக் கூரைக்காக மூன்று முறை அப்படி வாங்கினவள் நான். உன் கட்டுரையையும் தள்ளிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். தனியாக இருக்கிற பிள்ளை உடைந்துபோவாளே என்று சேலைகளுக்கு அடியில் வைத்துப் பெட்டியைப் பூட்டினேன், அப்பாவிடம்கூட மூச்சு விடவில்லை.

போன வாரம் உன் கடிதம் வந்தது. ஏழு மாதமாகியும் பதில் இல்லை, கட்டுரை யார் மேசையில் எந்த நிலையில் கிடக்கிறதோ, தூக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தாய். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி சுப்பிரமணியத்திடம் ஓடினேன். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு, "இது வேணாம்னு அனுப்புனது இல்லலா வடிவம்மா, ரெண்டு பேரு படிச்சுட்டு நல்லாருக்குன்னுதான் சொல்லியிருக்காங்க, கேட்டத திருத்தி மார்ச் கடைசிக்குள்ள அனுப்பணும், அப்புறம்தான் போடுறதா இல்லையான்னு சொல்வாங்க" என்றார். கொடுத்த தவணையில் ஒரு மாதத்தை என் பெட்டி தின்றுவிட்டதே என்று ஆபீஸ் வாசலிலேயே அழுதுவிட்டேன். தப்பு என்னுடையதுதான் கண்ணு.

கட்டுரையோடு இந்தக் கடிதத்தையும் வைத்து இன்றே விமானத் தபாலில் ரெஜிஸ்டர் செய்கிறேன். அவர்கள் கேட்டதாகக் கிராணி படித்துச் சொன்ன கேள்விகளில் ஒன்றுக்கு எனக்கே பதில் தெரியும். நீ இலை பறித்துப் பார்த்த சரிவில் எத்தனை நாளுக்கு ஒருமுறை கொழுந்து வெட்டினார்கள் என்று நீ சொல்லவில்லையாம். ஆபீஸ் புத்தகத்தில் இருபத்தொன்று என்று இருக்கும், அதை நம்பி எழுதிவிடாதே. அந்த அடைமழையில் செல்லம்மா வழுக்கி விழுந்து கால் பிசகினாளே, அதனால் அந்தத் தரம் முந்தின வெட்டுக்கு இருபத்தாறு நாள் கழித்துத்தான் நாங்கள் அங்கே கொழுந்து வெட்டக் கத்தரி வைத்தோம். சந்தேகமாக இருந்தால் கங்காணி காளிமுத்துவுக்கு எழுதிக் கேள்.

மாரியம்மன் உனக்குத் துணை இருப்பாள். வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. என்னைத் திட்டி எழுத வேண்டுமென்றால் எழுது, நியாயம்தான், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முதலில் கட்டுரையைத் திருத்தி அனுப்பு, பிறகு திட்டு.

உன் அம்மா
வடிவம்மாள்