நாலு சுற்று ஏற்றியவன் எழுதுவது

புது பேஸ் கிட்டாரின் உறையைத் திறந்ததும் ரெக்ஸின் வாசனை வந்தது. வாசனையோடு நீயும் வந்து நின்றாய். வாங்கியவன் நான். ஒரு நிமிஷம் ஆசையாக என் பொருளை நான் பார்க்கக் கூடாதா? நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எனக்கு முன்னால் வந்து நிற்கிற பழக்கம் மட்டும் இன்னும் உன்னை விடவில்லை.

மடியில் வைத்து அழுத்திப் பார்த்தேன். கம்பிகள் கழுத்தில் பதித்த ஃப்ரெட் பட்டைகளை விட்டு எட்டி மேலே நின்றன. நம் பாஷையில் சொன்னால் ஆக்‌ஷன் அதிகம். தடித்த கம்பிக்கு அடியில், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில், மூன்று எம்எம் டிரில் பிட் உரசாமல் நுழைந்தது. பெட்டியோடு, திருகுவதற்கு ஒரு சின்ன ஆலன் கீ கொடுத்திருக்கிறார்கள். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு குட்டித் திருகுகள். இடப்பக்கம் திருகினால் கம்பி இறங்கும், வலப்பக்கம் திருகினால் ஏறும். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனியில் இருபது வருஷமாக மெஷின் பழுது பார்க்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஆனாலும் கீயைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்கான காரணம் உனக்குத் தெரியாது. தெரியாமலே போய்ச் சேர்ந்தாய்.

செங்கல்பட்டில் நம் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தவன் நான்தான். நீ மாமல்லபுரத்தில் கல் பட்டறையில் சிலை கொத்திக்கொண்டிருந்தாய். கல்யாணமாகி அங்கேயே குடிபோன பிறகும், சனிக்கிழமை பிராக்டிஸுக்குத் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து வந்துவிடுவாய். ஒருநாள் இடைவேளையில் என் கிட்டாரை வாங்கி விளையாட்டாகத் தட்டிப் பார்த்தாய். ஆறே மாதத்தில் என்னைவிட நன்றாக வாசித்தாய். "இந்தக் கிறிஸ்துமஸுக்கு பேஸு அவன் வாசிக்கட்டும்பா, நீ ரிதம் கிட்டாரு புடி" என்றார் குழுவின் மாஸ்டர். சரி சார் என்றேன். வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

அடுத்த வாரமே புது பேஸ் ஒன்றை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தாய்.

"இன்னா மச்சான் இது, இம்மாம் ஒசரமா கீது? நீதான் ஸ்பேனர் பார்ட்டியாச்சே. செட் பண்ணிக் குடு."

"வுட்டுட்டுப் போய் நாஸ்தா துன்னு. பாத்து வைக்கிறேன்."

நீ முன்னறையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் உள்ளே அதை மடியில் போட்டுக்கொண்டு, இறக்க வேண்டியதை ஏற்றினேன். ஒவ்வொரு திருகும் நாலு சுற்று. மூன்று எம்எம் இருந்தது நாலு எம்எம் ஆனது. பிட்டை விட்டு அளந்துதான் செய்தேன். அந்த அயோக்கியத்தனத்திலும் அளவு சரியாக இருக்க வேண்டும் எனக்கு. உன் விரல் நோகும், பண்டிகைக்கு முன்னால் நீயே வேண்டாமென்று விலகுவாய், என் இடம் எனக்கு வரும். இவ்வளவுதான் என் கணக்கு.

வாசித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒசரமாத்தான் கீறா மாரி கீது" என்றாய்.

"புதுசுன்னா இப்டித்தான். வாசிக்க வாசிக்க எறங்கிடும்."

"நீ சொன்னா சரி."

ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் நீ. ஒரு சந்தேகம் பட்டிருக்கலாம். கை கழுவிவிட்டுக் கிளம்பிப் போனாய்.

நான் யோசிக்காமல் விட்டது உன் இடக்கையை. வலக்கை சுத்தியலைப் போட, காலை முதல் மாலை வரை உளியை இறுக்கிப் பிடித்திருப்பது இடக்கைதானே. கிட்டாரில் கம்பியை அழுத்துவதும் அதே கைதான். கருங்கல்லுக்கே அசராத கைக்கு நாலு எம்எம் எந்த மூலைக்கு? அது மட்டுமா, கம்பி உயரத்தில் நின்றால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஃப்ரெட்டில் பட்டுக் கரகரக்காது. அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் உன் பேஸ் சத்தத்தில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சே அதிர்ந்தது. முடிந்ததும் எல்லோரும் வந்து உன் கையைக் குலுக்கினார்கள். நீ என்னைக் காட்டி, "மச்சான் செட் பண்ணது. அவன் கை பட்டாத்தான் இப்டி வரும்" என்றாய். நான் பல்லைக் காட்டினேன். அதற்குப் பதில் நீ என்னை நாலு பேர் முன்னால் அறைந்திருக்கலாம்.

பதினோரு வருஷம் உன் பக்கத்தில் ரிதம் பிடித்தேன். பிறகு இருமல் வந்தது உனக்கு. கல் தூசி நெஞ்சில் படிந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீ முந்திக்கொண்டாய். "என் பேஸ நீ எடுத்துக்க மச்சான்" என்றாய். "போடா, எழுந்து வந்து நீயே வாசிப்பே" என்று அதட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

உன்னை அடக்கம் செய்த அடுத்த வாரமே மாஸ்டர் என்னை பேஸ் வாசிக்கச் சொன்னார். பதினோரு வருஷமாக நான் ஏங்கிய இடம். வாசித்து முடித்ததும், "நல்லாத்தான் கீதுப்பா. ஆனா அவன் சத்தம் வேற" என்றார். செத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் உண்டா? இதோ, நான் இருக்கிறேன். என் பழைய கிட்டார்தான் மோசம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு இந்தப் புதுசை வாங்கினேன்.

இன்று காலை கீயையும் டிரில் பிட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் மாமல்லபுரம் போனேன். உன் வீட்டுக்காரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, நான் ஏற்றிய நாலு சுற்றை நானே இறக்கிவைத்துவிட வேண்டும் என்று. அவள் உறையோடு எடுத்து வந்து கொடுத்தாள். நாலு எம்எம் பிட்டைக் கம்பிக்கு அடியில் விட்டேன். நிற்காமல் கீழே விழுந்தது. ஐந்து எம்எம்மை விட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

"யாரும்மா இத ஏத்துனது?"

"அவுருதாண்ணா. நீங்க செட் பண்ணிக் குடுத்தீங்களே, அந்தக் கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் அவுரே ஒரு கீ வாங்கியாந்தாரு. மச்சான் நல்லாத்தான் வச்சிக்கிறான், ஆனா பயந்துகினு வச்சிக்கிறான்னு சொல்லிகினே இன்னும் ஏத்துனாரு."

"அது நல்லதுக்கு வச்சதில்லம்மா. அவன் கை நோவணும்னு வேணும்னேதான் ஏத்துனேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள். "இது மட்டும் அவுருக்குத் தெரிஞ்சிருந்தா, ஆயுசுக்கும் உங்கள ஓட்டிகினே இருந்திருப்பாரு" என்றாள். சிரிப்பு நின்றதும் உறையின் ஜிப்பை மெல்ல இழுத்து மூடினாள்.

வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. பதினோரு வருஷத்துக்கு மேல் ஒரு குற்றத்தைச் சுமந்திருக்கிறேன். ஜெபத்தில் தலை குனியும்போதெல்லாம் அதுதான் முதலில் வரும். உனக்கு நான் மனதறிந்து செய்த ஒரே கெடுதல். அதையும் நீ போதாது என்று திருத்திக்கொண்டாய். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் புது பேஸை எடுத்து, உனக்குத் திருகியதுபோலவே ஒவ்வொரு திருகையும் நாலு சுற்று ஏற்றினேன். ஐந்து எம்எம்முக்குப் போகவில்லை. என் கை எனக்குத் தெரியும். முதல் பாட்டு எப்படியோ ஓடியது. இரண்டாவது பாட்டின் நடுவில் சுண்டுவிரல் விட்டுவிட்டது. இப்போது விரல் நுனியில் இரண்டு கொப்புளம். அதோடுதான் இதை எழுதுகிறேன். உனக்குக் கெடுதல் என்று நான் வைத்த உயரம் எனக்கே இன்னும் எட்டவில்லை.

இறக்கப்போவதில்லை. நாளை ஞாயிறு, மூன்று பாட்டு இருக்கிறது. பொறாமையும் அப்படியேதான் இருக்கிறது மச்சான், ஒரு சுற்றுக்கூட இறங்கவில்லை.