சக்கரம் கழற்றிய வண்டிக்கு வந்த சான்றிதழ்

கல்மண்டபம், ராயபுரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ரஞ்சித்துக்கு அம்மா எழுதுவது,

நான், உன் அப்பா, மருமகள் மலர், பேத்தி கீர்த்தி நான்கு பேரும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். நீயும் கடல் தாண்டி அந்தச் சலாலாவில் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்பைப் பற்றி இவ்வளவுதான். மனசைப் பற்றிக் கேட்டால், பத்து நாளாக உன்மேல் இருக்கிற ஆத்திரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் திட்டலாம் என்றால் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் சரிம்மா சரிம்மா, டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். நம் மெக்கானிக் பக்ருதீன் பாயின் மகன் தப்ரேஸ் வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்குப் பிளைட் ஏறுகிறான். அவன் கையில் கொடுத்து, இவன் கடைசி வரி வரைக்கும் படிக்கிற வரை எதிரிலேயே உட்கார்ந்திரு என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். அவன் முன்னால் முகம் சுளிக்காதே, பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

உனக்குத் தெரிந்தது பாதிதான், முதலிலிருந்து சொல்கிறேன். யானைக்கவுனி குடோனில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்த அந்த அம்பாசிடரை வெறும் கூடாக இழுத்து வந்து, இரண்டு வருஷம் தகடு தட்டி, என்ஜின் இறக்கி ஏற்றி, நீயும் உன் அப்பாவும் பாயும் ஓடுகிற வண்டியாக்கினீர்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை. கல்யாண வாடகைக்கு விடுகிறோம் என்று வாடகை வண்டியாகப் பதிந்ததால் வருஷா வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் காட்டி, ரோட்டில் ஓடத் தகுதியான வண்டிதான் என்று எப்.சி. வாங்க வேண்டும். முகூர்த்தம் இல்லாத நாளில் கீர்த்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் கொண்டுபோய் விடுகிறேன். இந்த வருஷம் நானேதான் ஓட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். விளக்கு, ஹாரன், வைப்பர், கண்ணாடி எல்லாம் பார்த்துச் சரி என்றார்கள். கடைசியில் அந்த இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வேகமாக ஓட்டிச் சடாரென்று பிரேக் போடச் சொன்னார். போட்டேன். வண்டி நேராக நிற்காமல் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரை முட்டப் பார்த்தது. அத்தனை லாரிக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயில் என்று எழுதிக் கொடுத்தார், பிரேக்கைச் சரி செய்து பத்து நாளில் கொண்டு வாருங்கள் என்றார். நியாயமான மனுஷன், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மெதுவாக உருட்டிக்கொண்டு நம் வாசலுக்கு வந்து பாயைக் கூப்பிட்டேன். வலப்பக்கச் சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் டிரம்மைக் கழற்றினதும் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னா யக்கா இது, பிரேக்குல கொழம்பு வெச்சுக்கீறியா, ஒரே மீன் வாடை அடிக்குது என்றார். நான் திரும்பிப் பார்த்தால் உன் அப்பா தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் வேலைதான். மழைக்கு முன்னால் படகின் அடியில் பூசுகிற மீன் எண்ணெயை வாங்கி வந்து, உப்புக்காற்றில் துருப்பிடிக்கக் கூடாது என்று வண்டியின் அடியெல்லாம் பூசியிருக்கிறார். பூசியதோடு விட்டாரா, சக்கரத்தைக் கழற்றி டிரம்முக்குள்ளேயும் இரண்டு கோட்டிங். வலப்பக்கம் முடிவதற்குள் டப்பா காலியாம், அதனால் இடப்பக்கம் தப்பித்தது. வழுக்குகிற பக்கம் வழுக்கி, பிடிக்கிற பக்கம் பிடித்தால் வண்டி இழுக்காமல் என்ன செய்யும். கேட்டால், படகுக்குப் பூசுனா தாங்குது, காருக்கு மட்டும் இன்னாத்துக்கு ஆவாதுன்றீங்கோ என்று எங்கள் இருவரிடமும் சண்டைக்கு வருகிறார். முப்பது வருஷம் லாஞ்சுப் படகு ஓட்டின மனுஷனுக்குக் கடலில் பிரேக் கிடையாது என்பதே மறந்துவிட்டது. அவரை ஒரு நாள் முழுக்கத் திட்டித் தீர்த்தேன். ஆனால் அவர் செய்தது அறியாமல் செய்தது.

நீ செய்தது அப்படியில்லை. பிரேக் லைனிங் நான்கையும் மாற்ற வேண்டும், ரிவிட் அடித்து வர நாலைந்து நாள் ஆகும் என்று பாய் சொன்னார். வண்டி நான்கு சக்கரமும் இல்லாமல், நம் வாசலில், மரக்கட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. புதன்கிழமை மத்தியானம் உன் தோஸ்து ஹென்றி போனை நீட்டிக்கொண்டு வருகிறான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஏஜென்ட் வேலை பார்க்கிறானாம் இப்போது. இன்னா ஆன்ட்டி, ஒம் புள்ள ஒரு வார்த்த சொன்னான், நான் முட்ச்சுட்டேன், நீ இன்னாத்துக்கு வெயில்ல நின்னுகினு பேஜாராவுற என்றான். பார்த்தால் எப்.சி. பாஸ். பிரேக் நன்று, அன்றைக்குக் காலை பதினொரு மணிக்குச் சோதித்தது என்று போட்டிருக்கிறது. பதினொரு மணிக்கு அந்த வண்டியின் அடியில் பாய் மல்லாந்து படுத்திருந்தார், நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். கூட ஒரு போட்டோ வேறு. உற்றுப் பார்த்தேன், பானெட்டில் சாமந்தி மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு. போன ஆயுத பூஜைக்கு நான் எடுத்து உனக்கு அனுப்பின போட்டோடா அது. வெட்கமாக இல்லையா உனக்கு? ஹென்றியை அங்கேயே கட்டையைத் தூக்கிக்கொண்டு துரத்தினேன், தெருவே வேடிக்கை பார்த்தது.

அன்றைக்குப் போனில் என்ன சொன்னாய்? நீ வெயில்ல நிக்கக் கூடாதுன்னுதாம்மா என்றாய். அந்த வார்த்தை உண்மைதான் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இன்னும் எரிகிறது. மீன் ஏலக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் வெயிலில் நின்றுதான் உன்னைப் படிக்க வைத்தேன், இன்னும் அரைநாள் நின்றால் கரைந்துவிட மாட்டேன். அந்த வண்டியில் காலையில் பள்ளிக்கூடத்துக்கு யார் உட்கார்ந்து போவது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாயா? காசிமேட்டிலிருந்து ஐஸ் லாரியும், துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லாரியும் முட்டிக்கொண்டு வருகிற ரோடு அது. நான் ஹென்றி சொன்னதைக் கேட்டு, பாஸ்தான் ஆகிவிட்டதே, லைனிங் அடுத்த மாசம் பார்க்கலாம் என்று சக்கரத்தை மாட்டி ஓட்டியிருந்தால்? நீ அங்கே பார்க்கிற வேலை என்ன, கிரேன் கயிற்றைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. நீ பார்த்திருப்பாய் என்று நம்பித்தானே கீழே ஒருவன் நிற்கிறான். அங்கே ஒரு ரஞ்சித், இங்கே ஒரு ரஞ்சித்தா?

மறுநாள் காலையில், என் போனுக்கும் வந்திருந்த அந்தச் சான்றிதழைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு அதே இன்ஸ்பெக்டரிடம் போனேன். என் வண்டி கட்டை மேல் நிற்கிறது, இதை ரத்து செய்யுங்கள் என்றேன். அவர் தாளை வாங்கித் தேதியையும் நேரத்தையும் பார்த்தார். பிறகு, பெயில் ஆனதுக்குச் சண்டை போட வர்றவங்களைத்தாம்மா பார்த்திருக்கேன், பாஸ் வேணாம்னு வந்தது நீங்கதான் முதல் ஆள் என்றார். புது தேதி கொடுத்தார். அங்கே நடந்த இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன், சொல்ல எனக்குத் தைரியம் வர வேண்டும். நேற்று முன்தினம் வண்டியைக் கொண்டுபோனேன். உன் அப்பா மூன்று நாள் மண்ணெண்ணெய் போட்டு அடியைத் துடைத்திருந்தார், பாய் கூடவே வந்தார். அதே இடத்தில் வேகமாக ஓட்டி பிரேக்கை மிதித்தேன், கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. பாஸ். இந்த முறை நிஜமான பாஸ். பாய் ஓடிவந்து டீ வாங்கிக் கொடுத்தார், உன் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது, எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை என்று சாக்குச் சொல்லித் துடைத்துக்கொண்டார்.

இனி அந்த விஷயம். உன் டில்லிபாபு மாமாவை நான் இதுவரை இழுக்கவில்லை, இழுக்காமல் முடியாது. அவன் படகை வருஷத்துக்கு ஒருமுறை கரையேற்றி அடிப்பலகையைத் தட்டிப் பார்த்துத்தான் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்த வருஷம் படகு தண்ணீரிலேயே இருக்க, தாள் கைக்கு வந்தது. எண்ணூருக்கு நேரே கடலில் அடிப்பலகை பிரிந்து படகு முழுகி, நான்கு பேர் நீந்தி வந்தார்கள், என் தம்பி வரவில்லை. மூலக்கொத்தளம் சுடுகாட்டில் அவனைக் குழியில் இறக்கிவிட்டு, படகக் கரையேத்தாம சர்டிபிகேட் வாங்குனது எவன்டா, எவன்டா குடுத்தது என்று நீதான் தொண்டை கிழியக் கத்தினாய். கூடியிருந்த அத்தனை பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. விசாரணைக்கு வந்தபோதும் ஒருவரும் ஒரு பெயரை எழுதிக் கொடுக்கவில்லை. எவன் செய்திருந்தாலும் அவன் யாருக்காவது வேண்டப்பட்டவன். அது எவன் என்று இன்றைக்கு வரை தெரியாது.

அன்றைக்கு அந்த இன்ஸ்பெக்டர் என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, யார் சொல்லி யார் மூலமாக வாங்கினது என்று எழுதிக் கொடுத்தால்தான் மேலே அனுப்ப முடியும், இல்லையென்றால் இந்தச் சான்றிதழைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போங்கள், நான் எதுவும் கேட்கவில்லை என்று விட்டுவிடுகிறேன் என்றார். ஹென்றி பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்திருக்கலாம். அவன் பெற்றவளும் நம் தெருவில்தான் இருக்கிறாள், அவள் முகத்தில் எப்படி முழிப்பேன். அதனால் ஹென்றி பெயருக்கு மேலே முதலில் உன் பெயரை எழுதினேன். என் மகன் ரஞ்சித், தந்தை பெயர் மனோகரன், இவன் சொல்லித்தான் நடந்தது என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து வண்டி வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். மலரிடம் சொன்னதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை, பேசாவிட்டால் போகட்டும், அவள் இடத்தில் நானும் அப்படித்தான் இருப்பேன். உனக்கு விசாரணைத் தபால் வரும். மலர்மேலோ ஹென்றிமேலோ கோபப்படாதே, எழுதினது நான்.

வடிவுடையம்மன் உன்னைக் கைவிட மாட்டாள், நீ நல்ல பிள்ளை, நான் பெற்றவள் சொல்கிறேன். நெஞ்சுச் சளிக்குக் கொடுத்தனுப்பியிருக்கிற லேகியத்தை மறக்காமல் சாப்பிடு, ஏசிக்குத் தலை காட்டிப் படுக்காதே. மாசியில் லீவு கிடைக்கும் என்றாயே, தேதியை முன்னாலேயே சொல். ஏர்போர்ட்டுக்கு அந்த வண்டியில்தான் வருவேன், கீர்த்தியும் வருவாள். அங்கிருந்து நேராக அந்த ஆபீசுக்குப் போகிறோம். நீ உள்ளே போய் ஆமாம், நான்தான் என்று சொல்லிவிட்டு வருகிற வரை நானும் குழந்தையும் வெளியே வெயிலில் நிற்போம். அதற்கப்புறம்தான் வீடு.

உன் அம்மா,
ம. குணசுந்தரி