அகழியில் கரைக்காத உப்பு

ஆவணி 22, ஞாயிறு. மரக்காணம்.

எல்லையில் பணியாற்றும் மகனிடமிருந்து பதினோரு நாள்களாக அழைப்பு இல்லை. கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி ராஜேஸ்வரியின் மனத்தை மாற்றவென்று இன்று அவளை வந்தவாசிக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்ட ஊர். படையில் மகன் இருக்கும் ஒரு தாயை அங்கே அழைத்துச் செல்லலாமா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போரின் போக்கை வரிசைப்படி விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் இடைமறித்தாள்.

"செத்துப்போன சிப்பாய்ங்க பேரெல்லாம் எங்க எழுதியிருக்குது?"

தளபதிகளின் பெயர்கள் மட்டுமே எனக்குத் தெரியும் என்றேன்.

"அப்ப அவங்க அம்மாங்க யாருகிட்ட போய்க் கேட்டிருப்பாங்க?"

அவள் அகழியோரம் இறங்கி, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். எங்கள் உப்பளத்துக் கல்லுப்பு. துன்பம் கரையட்டும் என்று கோயில் குளத்தில் உப்பைக் கரைப்பது அவள் வழக்கம்.

"தண்ணியில எதுவும் போடக்கூடாதுன்னு போர்டு இருக்குது பாரு."

"ஒரு கை உப்புதாங்க. இங்க செத்ததும் யாரோ பெத்த புள்ளைங்கதான? நம்ம புள்ளைய அவங்க பாத்துக்குவாங்க."

நான் பலகையைச் சுட்டிய விரலைத் தாழ்த்தவில்லை. அவள் பொட்டலத்தை மடித்துக்கொண்டு மேலேறி வந்தாள்.

இப்போது அந்தப் பொட்டலம் மேசையில், கைபேசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடற்காற்றின் ஈரத்தில் உப்பு தானாகவே கசிந்து கரையத் தொடங்கிவிட்டது. இப்படிக் கரைந்தாலும் போதுமா என்று அவளிடம் கேட்க வேண்டும். அவள் தூங்கிவிட்டாளா என்று தெரியவில்லை.