அலமாரிக்குப் பின்னால் ஒரு பாட்டில்

மார்ச் 4, செவ்வாய்

இலைக்கு அடியில் ஒரு குமிழ். கடுகு அளவுதான். மீன் தொட்டி விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழன்று மேலே போனது. செடி மூச்சு விடுகிறது.

ஆறு நாள் பட்ட பாடு. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர், ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் கால் ஸ்பூன். மூடியில் ஓட்டை போட்டு, மருந்துக்கடையில் வாங்கிய டிரிப்ஸ் குழாயைச் செருகிப் பசை வைத்தேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும், அது குழாய் வழியாகத் தொட்டிக்குள் போகும், செடி அதை எடுத்து வளரும். இதற்கென்று சிலிண்டரே விற்கிறார்கள். அதெல்லாம் நமக்கு எங்கே? போனில் பார்த்துதான் கற்றுக்கொண்டேன்.

பாட்டில் நான் வேலை செய்யும் பல் கிளினிக்கில், பல் மாதிரிகள் வைக்கும் அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. டாக்டருக்குத் தெரியாது. பதினோரு மீனுக்கும் தீனி மட்டும் போடு, வேறு எதையும் தொடாதே என்றுதான் தொட்டியை என் பொறுப்பில் விட்டார்.

மார்ச் 6, வியாழன்

டாக்டர் தொட்டி முன்னால் நின்று, புது லைட் மாட்டினதுல செடி நல்லா வளருது பாத்தியா என்றார். தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை. தலையைத்தான் ஆட்டினேன்.

வீட்டில் சர்க்கரை டப்பா பாதியாகிவிட்டது. அம்மா தங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இல்லம்மா, நான் இல்லம்மா என்று அவள் அழுதாள். நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். ஒரே தட்டை, மூன்று தடவை.

மார்ச் 9, ஞாயிறு

விடுமுறை. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. டோக்கன் எழுத வேண்டும், கருவிகளைக் கழுவி வெந்நீர்ப் பெட்டியில் வைக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் வாயைத் திறந்தபடி இருப்பார்கள், என்னிடம் பேச முடியாது.

அப்பாவுக்கு முடியாமல் போனதால்தான் பத்தாவது பாதியில் நின்றேன். ஆனால் நின்ற அன்றைக்கு எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இனி வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டாமே என்று. அப்பா படுத்துக் கிடக்கிறார், எனக்கு நிம்மதி. இதை யாரிடமும் சொன்னதில்லை.

கிளினிக்கில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் மாப் அக்கா. தரை துடைப்பவர், எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அவர் வைத்த பெயர் ரேடியோ. “ரேடியோ, கொஞ்சம் சவுண்டைக் குறைம்மா, காது வலிக்குது” என்பார், நான் அரை நாளாக வாயே திறக்காதபோது. நீல ஸ்ப்ரே அடித்துத் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, என் புள்ளைங்க முகம் இப்பதான் தெரியுது என்பார். தொட்டிகிட்ட அதை அடிக்காதீங்க, மீன் செத்துடும் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

பழைய கலவை ஓய்ந்துபோனது. இன்று புதிதாகக் கலந்தேன். ஈஸ்ட் இரண்டு ஸ்பூன், தண்ணீரும் கொஞ்சம் சூடாக. குமிழ்கள் எண்ண முடியாத வேகத்தில் போகின்றன. காற்று மோட்டாரையும் நிறுத்திவிட்டேன், அது ஓடினால் வாயு வீணாகப் போய்விடும்.

தினமும் கிளினிக் மூடும்போது குழாயைத் தண்ணீரிலிருந்து எடுத்து வெளியே தொங்கவிடுவேன். குழாயில் இருக்கும் உருளையைத் திருகி மூடக் கூடாது, பாட்டில் வீங்கி வெடிக்கும். விளக்கு அணைந்தால் செடி வாயுவை எடுக்காது, அது தண்ணீரிலேயே தங்கிவிடும், மீனுக்கு ஆகாது. எனக்கு இது தெரியும். தெரிந்தும் இன்று எடுக்கவில்லை. சனிக்கிழமை டாக்டர் தொட்டியைப் படம் எடுத்து வாசல் போர்டில் போடப்போகிறாராம். அதற்குள் செடி இன்னும் கொஞ்சம் அடர்ந்தால் நன்றாக இருக்கும்.

ஒரு ராத்திரிதானே.

மார்ச் 14, வெள்ளி

பதினொன்றும்.

மார்ச் 15, சனி

நேற்று எழுத முடியவில்லை.

நான்தான் முதலில் போய்க் கதவைத் திறந்தேன். எல்லாம் மேலே மிதந்தன, வாய் திறந்தபடி. தொட்டியில் இருந்த ஒரே நத்தை மட்டும் தண்ணீரை விட்டு வெளியே கண்ணாடி விளிம்புக்கு ஏறியிருந்தது. நான் என்ன செய்தேன்? அழுதேனா? இல்லை. குழாயைப் பிடுங்கினேன், மோட்டாரைப் போட்டேன், பாட்டிலைப் பழைய துணிப் பைக்குள் திணித்தேன். கை அவ்வளவு வேகமாக வேலை செய்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு மாப் அக்கா வந்தார். பிறகு டாக்டர். தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் நீல ஸ்ப்ரே இருந்தது. டாக்டர் அதை எடுத்துப் பார்த்தார். கத்தவில்லை. எத்தனை தடவை சொன்னேன் என்று மட்டும் கேட்டார். துணியிலதான் சார் அடிச்சேன் என்றார் அக்கா. இந்த மாதத்தோடு நின்றுகொள்ளுங்கள், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார் டாக்டர்.

நான் டோக்கன் நோட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன்.

அக்கா மீன்களை ஒவ்வொன்றாக வலையில் எடுத்தார். அப்போது என்னிடம் மெதுவாக, “துணியிலதான் அடிச்சேன்னு நினைக்கிறேன் ரேடியோ. ஒருவேளை உள்ள தெறிச்சிருச்சோ என்னமோ” என்றார்.

இல்லக்கா. இல்ல. நான்தான். இங்க எழுத வருது, அங்க ஏன் வரல?

மார்ச் 17, திங்கள்

போன வாரம் பல் அடைத்துக்கொண்ட சின்னப் பெண் திரும்ப வந்தாள். பயம் வந்தால் மீன்களை எண்ணுவாள். வெறும் தொட்டியைப் பார்த்துவிட்டு மீன் எங்க என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா மாப்பை வைத்துவிட்டு அவள் முன் குனிந்தார்.

“நான்தான் கண்ணு, தெரியாம மருந்து தெளிச்சுட்டேன். செத்துப்போச்சு.”

இப்போது அந்த “ஒருவேளை”கூட இல்லை. உறுதியாகவே சொல்கிறார். அந்தப் பெண் அக்காவைப் பார்த்த பார்வை.

மதியம் அக்கா சாப்பிடவில்லை. கையில் ஸ்ப்ரே வாடை வருகிறது என்று மறுபடி மறுபடி கழுவினார். எனக்கு எந்த வாடையும் வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மூன்று தடவை டாக்டர் அறை வாசல் வரை போனேன். மூன்று தடவையும் ஒரு ஆளுக்கு டோக்கன் கொடுக்கத் திரும்பி வந்தேன். கடைசித் தடவை ஆளே இல்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன், சர்க்கரையை எடுத்தது நான் என்று. தங்கை என்னைப் பார்த்தாள். முதுகில் ஒரு அடி வைத்தாள். வலித்தது. நன்றாக இருந்தது.

மார்ச் 19, புதன்

காலையில் துணிப் பையோடு போனேன். பாட்டில் இன்னும் உள்ளே நுரைத்துக்கொண்டிருந்தது. அக்கா வரவேற்பறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நில்லுங்கக்கா, எங்கயும் போகாதீங்க என்றேன். ரேடியோ பாடுதே என்று சிரிக்கப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். பாட்டிலைக் குழாயோடு எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். என்ன இது என்றார். கதவை அகலமாகத் திறந்து, அது தானாகச் சாத்திக்கொள்ளாமல் நாற்காலியை முட்டுக் கொடுத்தேன். அக்கா மாப்பைப் பிடித்தபடி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாக, முதலிலிருந்து சொன்னேன்.