இல்வாவின் பெயருக்குப் பக்கத்தில்

நவம்பர் 24, திங்கள்

பல் கிளினிக்கில் இன்று நல்ல கூட்டம். வரவேற்பு மேசையை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. ஆனாலும் கணினித் திரையின் ஓரத்தில் பாட்டுச் செயலியைத் திறந்தே வைத்திருந்தேன். காலை 8.02க்கு இல்வாவின் பெயருக்குப் பக்கத்தில் அந்த மூன்று சின்னக் கோடுகள் துள்ள ஆரம்பித்தன. பாட்டுக் கேட்கிறாள். அப்படியென்றால் எழுந்துவிட்டாள். அப்படியென்றால் இருக்கிறாள்.

மகளின் குரலைக் கேட்டுப் பதினாறு நாளாகிறது.

நவம்பர் 25

எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். வடக்கே ட்ரோம்சோவில் நர்ஸிங் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டேன் என்று போனில் சொன்னாள். கேட்ட மாத்திரத்தில் என் வாய் சும்மா இருந்ததா? "நீ எதைத்தான் முழுசா முடிச்சிருக்கே?" என்றேன். அவள் ரொம்ப அமைதியாக, "இனிமே கூப்பிடாதம்மா. வேணும்னா நானே கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டாள். மறுநாள் என் எண்ணையே பிளாக் செய்துவிட்டாள். அவள் அப்பா அர்விட் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுப்பதில்லை.

பாட்டுக் கணக்கை மட்டும் மறந்துவிட்டாள். குடும்பக் கணக்கு என் பேரில்தான் இருக்கிறது. யார் எதைக் கேட்கிறார்கள் என்று ஓரத்தில் ஒரு பட்டியல் வரும். எனக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு வரிதான்.

அர்விட் சொல்கிறார், அவளுக்கு இருபது வயசு, அவள் சொன்னதை நாம் மதிக்க வேண்டும் என்று. மதிக்கிறோம். இங்கே ஓலெசுண்டில், வீட்டில் உட்கார்ந்துகொண்டு வெகு மரியாதையாகப் பயந்து செத்துக்கொண்டிருக்கிறோம்.

நவம்பர் 27

இல்வாவின் பதினேழு வயதில் அந்த மார்ச் மாதம். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரியின் அந்த நடைவழி. அதை இங்கே எழுத மாட்டேன். அர்விட்டும் நானும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் அவர் திடீரென்று கரண்டியைக் கீழே வைத்தால் எனக்குத் தெரியும், அதைத்தான் நினைக்கிறார்.

நவம்பர் 30, ஞாயிறு

காலையிலிருந்து ஒன்றுமில்லை. எட்டு. ஒன்பது. பத்து. பெயருக்குக் கீழே "18 மணி நேரத்துக்கு முன்" என்று நிற்கிறது. அப்புறம் 19. அப்புறம் 20.

"போன ஞாயித்துக்கிழமையும் இப்படித்தானே இருந்துது. தூங்கட்டும் விடு, தோருன்" என்றார் அர்விட், மீன் சுத்தம் செய்துகொண்டே. அதே மீனைக் கால் மணி நேரமாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

டிசம்பர் 1

8.01. கோடுகள் துள்ளுகின்றன. பின்னறைக்குப் போய், பல் அச்சுகளெல்லாம் அடுக்கியிருக்கும் அலமாரிப் பக்கம் நின்று அழுதேன்.

டிசம்பர் 4

இப்போது அவள் நாள் எனக்கு மனப்பாடம். எட்டு மணிக்குப் பாட்டு ஆரம்பிக்கும், நாலுக்கு நிற்கும். ஞாயிறு தவிர ஒரு நாள்கூடத் தவறவில்லை. என் மகள் இவ்வளவு ஒழுங்காக எப்போது இருந்தாள்? ஏதோ வேலையில் சேர்ந்திருப்பாள் போல. நான் சொன்னது உறைத்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் பெருமைகூட வந்தது. சீ, என்ன ஜென்மம் நான்.

டிசம்பர் 8

கிறிஸ்துமஸ் பாட்டு. ஒன்றல்ல, வரிசையாக நாற்பது. மணிச்சத்தம், குழந்தைகள் கோஷ்டி, எல்லாம். இல்வா! கடையில் கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டால் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போகிறவள்.

மத்தியானம் இன்னும் மோசம். அக்கார்டியன் நடனப் பாட்டு. கிழவர்கள் கல்யாண மண்டபத்தில் ஆடுகிற பாட்டு.

அர்விட்டிடம் காட்டினேன். "வயசாக ஆக எல்லாருக்கும் அக்கார்டியன் பிடிக்கும்" என்று சிரித்தார். பாத்திரத் துணியை அவர் மேல் வீசினேன். எனக்குச் சிரிப்பே வரவில்லை. அவள் அவளாகவே இல்லை. மூணு வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, சம்பந்தமே இல்லாம ஒண்ணொண்ணு செய்வா, நாங்க சிரிச்சோம்.

டிசம்பர் 10

எனக்கும் இல்வாவுக்கும் பொதுவாக ஒரு பாட்டுப் பட்டியல் உண்டு. "கார்" என்று பெயர். அவளுக்குப் பதினாலு வயதிருக்கும்போது, மலைக்குடிலுக்குப் போகும் வழியில் சண்டை வராமலிருக்க அவளே போட்டது. யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், யார் வேண்டுமானாலும் நீக்கலாம். நான் எதைச் சேர்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் நீக்கிவிடுவாள். அதற்கு ஒரு நக்கலும் வரும்.

திங்கள் மாலை வேண்டுமென்றே அவளுக்குப் பிடிக்காத நாலு பாட்டைச் சேர்த்தேன். இரண்டு நாளாகிறது. நாலும் அப்படியே இருக்கின்றன.

நீக்குடி. ஒண்ணையாவது நீக்கு.

டிசம்பர் 11

அந்தப் பட்டியலின் பெயரையே மாற்றிவிட்டேன். "இல்வா, அம்மா. திட்ட மாட்டேன். கூப்பிடு" என்று போட்டு, என் எண்ணை ஒருவேளை அழித்திருந்தால் என்று அதையும் சேர்த்தேன். திறந்தவுடன் கண்ணில் படும். கடிதம் எழுத அந்த ஒரு இடம்தான் எனக்கு இருக்கிறது.

டிசம்பர் 12, வெள்ளி

காலை 8.20. தெரியாத எண். முதல் தடவை எடுப்பதற்குள் மணி நின்றுவிட்டது. இரண்டாவது தடவை எடுத்தேன். ஒரு ஆண் குரல், வடக்கத்திப் பேச்சு.

பெயர் ஸ்டைனார். ட்ரோம்சோவில் காபிக் கடை வைத்திருக்கிறார். கடை டேப்லெட்டில் பாட்டு மாற்றப் போனால் என் எண் கண்ணில் பட்டதாம். இல்வா அங்கே பகுதி நேர வேலை பார்த்தவள், வேலைக்குச் சேர்ந்த வாரமே தன் கணக்கை அதில் திறந்து வைத்திருக்கிறாள். அதிலிருந்துதான் கடையில் தினமும் பாட்டு ஓடுகிறது. எட்டிலிருந்து நாலு வரை. ஞாயிறு விடுமுறை.

"அவ வந்து மூணு வாரம் ஆச்சுங்க. ஊருக்குப் போறேன்னு மெசேஜ் போட்டா. உங்க வீட்டுலதான் இருப்பான்னு நினைச்சோம்" என்றார்.

அந்த அக்கார்டியன் பாட்டு எதற்கு என்று மட்டும் கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன்?

"அது என் பொண்டாட்டிக்குப் பிடிக்கும்."

மூணு வாரம். மூணு வாரமா நான் ஒரு காபிக் கடையைப் பாத்துட்டு இருந்திருக்கேன். என் பொண்ணு எழுந்துட்டா, என் பொண்ணு இருக்கான்னு — எவளோ ஒருத்தி காபி போட்டுட்டு இருந்திருக்கா. என் பொண்ணு எங்கே?

மாலை

அர்விட் போலீஸுக்குப் போன் செய்தார். பாதியில் போனை என்னிடம் நீட்டினார், மீதியை நான் சொன்னேன். கடைசியாக எப்போது அவளிடமிருந்து செய்தி வந்தது என்று கேட்டார்கள். இன்று காலை என்று சொல்ல வாயெடுத்தேன். நவம்பர் எட்டு என்றேன்.

டிசம்பர் 13

ஆஸ்லோ விமான நிலையம். பனி. வடக்கே போகும் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். எதிரே ஒரு குடும்பம் வாஃபிள் சாப்பிடுகிறது. அர்விட் கையிலிருக்கும் ரொட்டி அப்படியே நசுங்கிப் போயிருக்கிறது.

அறை பூட்டியிருக்குமா? பூட்டியிருந்தால் உடைப்பார்களா? உடைத்தால் யார் முதலில் உள்ளே போவது? நான்தான் போவேன். அவரால் முடியாது.

டிசம்பர் 13, மத்தியானம்

மத்தியானம்தான், வெளியே இருட்டு. ட்ரோம்சோவில் ஜனவரி வரை சூரியன் எட்டிப் பார்க்காது.

காவல் நிலையத்தில் குன்வோர் என்ற பெண் அதிகாரி. எங்களை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதும் தீர்ந்தது என்று நினைத்தேன். "உங்க பொண்ணு உயிரோட இருக்கா, பத்திரமா இருக்கா. எங்கேன்னு சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. வயசு வந்த பொண்ணு, அதுக்கு மேல நான் வாய் திறக்க முடியாது" என்றார்.

அந்தப் பெண்மணியைக் கட்டிக்கொள்வதா, உலுக்குவதா என்று தெரியவில்லை. இத்தனை நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்த அர்விட், போலீஸ்காரர்கள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் எந்த விடுதியில் இருக்கிறோம் என்பதை மட்டும் அவளிடம் சொல்லும்படி கெஞ்சினேன்.

டிசம்பர் 14

போன் வரவில்லை.

டிசம்பர் 15

கூப்பிட்டாள். "நாளைக்கு ரெண்டு மணிக்கு வரலாம். பத்து நிமிஷம்."

டிசம்பர் 16

மனநல வார்டு. அவளே போயிருக்கிறாள், நவம்பர் 23 அன்று. ஒரு பையில் இரண்டு சட்டையைப் போட்டுக்கொண்டு, தன்னந்தனியாக, பனியில் நடந்து போய், என்னைத் தனியா விடாதீங்க என்று சொல்லியிருக்கிறாள். என் மகள். எதையும் முழுசா செய்யாதவள் என்று நான் சொன்ன மகள்.

மெலிந்திருக்கிறாள். முடியை வெட்டிவிட்டாள். ஸ்டைனார் கதையைச் சொன்னேன், எட்டு மணி, நாலு மணி, அக்கார்டியன், எல்லாம். முதலில் சிரித்தாள். சத்தமாக, மூக்கைச் சுருக்கி. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அத்தனை நாளும் திரையவா பாத்துட்டிருந்தே?"

"கூப்பிடாதன்னு நீதானேடி சொன்னே."

"கூப்பிடாதன்னுதான் சொன்னேன். வராதன்னு சொன்னேனா?"

ட்ரோம்சோவுக்கு இரண்டு விமானம் ஏறினால் போதும். மரியாதை கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டோம். சாரி என்றேன். அவள் கையைப் பிடித்தேன், தட்டிவிடவில்லை. பத்து நிமிஷம் நாற்பது நிமிஷமானது, நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 24

வீடு. இல்வா அங்கேயே, வார்டில். அவளாகக் கேட்டுக்கொண்டாள். மாலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டாள், அங்கே உருளைக்கிழங்கு சரியாக வேகவில்லையாம். அர்விட் போனை என்னிடம் தரவே இல்லை.

ஜனவரி 11, ஞாயிறு

போன வாரம் வார்டிலிருந்து வந்துவிட்டாள். ட்ரோம்சோவிலேயே வேறு ஒரு அறை. படிப்பு பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இன்று போனில், குடும்பக் கணக்கிலிருந்து தன்னை எடுத்துவிடச் சொன்னாள். தானே தனியாகப் பார்த்துக்கொள்வாளாம். சேமித்து வைத்த பாட்டெல்லாம் போய்விடாதா என்றேன். "எதுவும் போகாதும்மா, அதிகபட்சம் நடுவுல விளம்பரம் வரும்" என்றாள்.

எடுக்கப் போனால் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: இந்த உறுப்பினர் உங்களுடன் ஒரே முகவரியில் வசிக்கிறாரா? அவள் வடக்கே போன இரண்டு வருஷமும் இதே கேள்விக்குக் கூசாமல் "ஆம்" அழுத்தியிருக்கிறேன். இன்று "இல்லை" அழுத்தினேன். ஓரத்துப் பட்டியலில் அவள் பெயர் இருந்த இடத்துக்கு அர்விட் பெயர் நகர்ந்து வந்தது. நாளைக் காலை எட்டு மணிக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை.

23ஆம் தேதிக்கு ட்ரோம்சோ விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். கேட்காமலேயே எடுத்தேன், எடுத்த பிறகுதான் அவளிடம் சொன்னேன்.

"கட்டில் ஒண்ணுதான் இருக்கு. நீ தரையில படுத்துக்கோ" என்றாள்.