முப்பத்தெட்டு மரங்களும் பாஷா பாயின் ஈக்களும்

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கலுக்கு ஐந்து நாள் விடுப்பு. ஓசூர் மூக்கண்டப்பள்ளி அறையைப் பூட்டிவிட்டு, கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, சாமல்பட்டி வந்து, அங்கிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர் நடந்து வீடு சேர மதியமாகிவிட்டது. பையை வைத்துவிட்டு நேராக மாந்தோப்புக்குப் போனேன். எல்லா மரத்திலும் சிவப்பு பெயின்டில் எண். 1 முதல் 38 வரை.

"மரம் வாங்குற ஆளு போட்டுட்டுப் போனான்" என்றார் அப்பா. "மூணு வருசமா பூவா பூக்குது, பூவாவே கொட்டுது. இந்த வாட்டியும் பிஞ்சு நிக்கலன்னா பங்குனியில வெட்டிர்றதுன்னு பேசியாச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. பிளாட்டு."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பெனியில்தான் கான்ட்ராக்ட் ஆளைக் கேட்க மாட்டார்கள். வீட்டிலுமா?

ஜனவரி 13, திங்கள்

கம்பெனியில் உதிரிபாகத்தில் குறை வந்தால் முதலில் எண்ணுவோம். எந்த மெஷின், எந்த ஷிப்ட், எத்தனை. அப்புறம்தான் யாரைத் திட்டுவது என்று முடிவாகும். (எப்போதும் கான்ட்ராக்ட் ஆட்களைத்தான்.) இரண்டு வருடமாக இன்ஸ்பெக்ஷனில் அதுதான் என் வேலை. அதையே தோப்பில் செய்தேன்.

பூ இருக்கிறது. பிஞ்சு இல்லை. நடுவில் யாரோ வந்து ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவுக்குக் கொண்டுபோக வேண்டும். யார் வருகிறார்கள்?

ஒரு மரத்துக்குப் பத்து நிமிடம். ஒரே உயரத்தில் ஒரு கிளை. வந்து உட்காரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு.

5-ஆம் எண்: இரண்டு. 17: ஒன்றுமில்லை. 22: ஒரு எறும்பு. தேனீ எங்குமே இல்லை. அவ்வளவு பெரிய பூங்கொத்துகள், கல்யாண மண்டபம் மாதிரி. உள்ளே ஆளே இல்லை.

38: இருபத்தாறு. எல்லாம் ஈ. பச்சையும் நீலமுமாகப் பளபளக்கிற, குப்பையில் மொய்க்குமே, அந்த ஈ.

திரும்ப எண்ணினேன். இருபத்தொன்பது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கும்போதுகூட 38-ஐத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 15, புதன்

38 வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரம். மீன் கழுவின தண்ணீர், செதில், கோழித்தோல் எல்லாவற்றையும் அம்மா அதன் அடியில் இருக்கிற குழியில்தான் கொட்டுவாள். போன வருடம் காய்த்தது எது என்று கேட்டேன். "அது ஒண்ணுதான் ரெண்டு கூடை குடுத்துச்சு" என்றாள் அம்மா.

ஈக்குச் சாப்பிட அழுகினது வேண்டும், முட்டை போட அழுகினது வேண்டும், குடிக்க மாம்பூவின் தேன் வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. மாமரத்துக்கு ஈ வேண்டும். ஈக்கு நாற்றம் வேண்டும்.

அப்படியானால் மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கே நாறியது எது?

எனக்குத் தெரியும். எழுத வெட்கமாக இருக்கிறது. தோப்பின் மேற்கு வேலியை ஒட்டி லால் பாஷா பாயின் கறிக்கடை இருந்தது. பின்னால் கழிவுக் குழி. நான் அப்போது காலேஜ் கடைசி வருடம். ஊரைச் சுத்தம் செய்கிறேன் என்று மூன்று மனு போட்டேன். சாக்கடைக்கு ஒன்று, தெருவிளக்குக்கு ஒன்று, கடையை எடுக்கச் சொல்லி ஒன்று. சாக்கடை இன்னும் வரவில்லை. விளக்கு இன்னும் எரியவில்லை. ஒரு பாயின் கடையைத் தூக்கு என்று எழுதியதற்கு மட்டும் ஒரே வாரத்தில் வந்து தூக்கினார்கள். ஏன் அதற்கு மட்டும் அவ்வளவு வேகம் என்று அப்போது நான் கேட்கவே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று ஸ்டேட்டஸ் வைத்தேன்.

த்தூ.

ஜனவரி 16, வியாழன்

கரிநாள். என் மனுவால் ஏரிக்கரைக்குப் போன பாயின் கடைக்கு முன்னால் ஊரே நின்றது. இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்த கடுப்பில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வாம்மா, மனு எழுதுற பொண்ணு! இன்னிக்கி யார் கடைய தூக்கணும்?" என்றார் பாய்.

"உங்க கழிவு வேணும், பாய்."

கத்தி நின்றது. "எதுக்கு?"

"ஈ வர்றதுக்கு."

வரிசை முழுக்கச் சிரித்தது. தட்டு கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி காத்தூன் அக்கா சிரிக்கவில்லை. "ஈ வருதுன்னுதான எங்கள இங்க கொண்டாந்து உட்கார வெச்ச? இப்ப அந்த ஈய கையப் புடிச்சு கூட்டிட்டுப் போவ வந்துக்கிறியா?"

எண்ணின தாளைக் காட்டினேன். மரம் வெட்டப் போவதைச் சொன்னேன். நான் செய்தது தப்பு என்றும் சொன்னேன், வரிசைக்குக் கேட்கிற மாதிரியே. பாய் தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"குடலு தர்றேன், எடுத்துட்டுப் போ. ஆனா ஒண்ணு. என்னைத் துரத்தறதுக்கு எழுத்துல குடுத்த. கூப்புடறதையும் எழுத்துல குடு. கிராமசபையில படி."

நியாயம்.

ஜனவரி 17, வெள்ளி

காலையில் பத்துப் பழைய பெயின்ட் டின்களில் குடலைப் போட்டு, கம்பி கட்டி, நடு மரங்களில் தொங்கவிட்டேன். வீடுகளிலிருந்து தள்ளி. நாற்றம் தாங்காமல் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டேன்.

அப்பா ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பூச்சிமருந்துக் கடைக்காரன் பூவிலே இரண்டு தடவை அடிக்கச் சொல்லியிருக்கிறானாம். நான் வழியை மறித்து நின்றேன்.

"விருந்தாளியத் துரத்துறதுக்குப் பணம் குடுத்து ஆள் வெச்ச மாதிரி இருக்குதுப்பா இது. வர்றவன எல்லாம் கொன்னுட்டு பிஞ்சு எங்கன்னு கேட்டா?"

"தத்துப்பூச்சி பூவத் தின்னா நீ வந்து காப்பாத்துவியாடி?"

"மூணு வருசம் அடிச்சியே, காய் எங்கப்பா? எங்க? எப்படியும் வெட்டத்தானே போற. ஒரே ஒரு வாட்டி என் பேச்சக் கேளு!"

கத்திவிட்டேன். அழுதும்விட்டேன் போல. அவர் ஸ்பிரேயரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜனவரி 22, புதன்

மூக்கண்டப்பள்ளி. அறையில் கூட இருக்கும் சுகுணா தளி ஊர்க்காரி. வீட்டில் குடைமிளகாய் போடுகிறார்கள். கதையைக் கேட்டுவிட்டு, "ஏன்டி, சேலத்து மாம்பழம், பெங்களூர் மாம்பழம்னு பேர் வெக்கிறாங்க. இதுக்கு ஈ மாம்பழம்னு போட்டு வித்துடாத" என்றாள். ஐந்து நாளில் முதல் சிரிப்பு.

அப்பா மருந்து அடித்தாரா? போன் போட்டுக் கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

கிராமசபை. எழுந்து படித்தேன். "மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் கொடுத்த மனு தவறு. கடையை நடத்த மூடி போட்ட குழியோடு பழைய இடத்தில் அனுமதி தர வேண்டும்." ஒருத்தன் பின்னாலிருந்து "பாய்க்கு ஏஜென்ட்டா?" என்றான். "ஆமாண்டா, ஈக்கும் ஏஜென்ட்டுதான். உனக்கு மாங்கா வேணுமா வேணாமா?" என்றேன். "பாக்கலாம்" என்று எழுதிக்கொண்டார்கள்.

தோப்புக்கு ஓடினேன். ஸ்பிரேயர் விட்ட இடத்திலேயே தூசி படிந்து கிடந்தது.

எண்ணிக்கை: 5-இல் பதினெட்டு. 17-இல் முப்பத்தொன்று. 22-இல் எண்ண முடியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

டின்களில் புதிதாகக் கழிவு போட்டிருந்தது. அம்மாவா என்று கேட்டேன். "உங்கப்பாதான். காலையில ஏரிக்கரைக்கு சைக்கிள்ல போறாரு. மூக்குல துண்டு கட்டிக்கிட்டு."

மார்ச் 2, ஞாயிறு

பிஞ்சு. பட்டாணி அளவு. 17-இல் ஒரு கொத்துக்கு ஏழு, எட்டு. பாதி உதிரும் என்று தெரியும். அதில் பாதி உதிரட்டும். இருந்தாலும் இருக்கிறது.

மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஈ மட்டும்தான் காரணமா? மருந்து அடிக்காததும் இருக்கும். பூவில் மழை பெய்யாததும் இருக்கும். பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. 38 தவிர மூன்று வருடமாக எதுவும் நிற்கவில்லை, இப்போது நிற்கிறது. அவ்வளவுதான் தெரியும்.

மார்ச் 30, ஞாயிறு

மரம் வாங்குகிறவன் ரம்பத்தோடு ஆள் கூட்டி வந்தான். அப்பா அவனைத் தோப்புக்குள் கூட்டிப் போய் அண்ணாந்து பார்க்க வைத்தார். அவன் ஒரு பிஞ்சைப் பறித்து உப்புக் கேட்டான். தின்றுவிட்டுப் போய்விட்டான்.

மே 4, ஞாயிறு

அனுமதி வந்துவிட்டது. மூன்று மாதம். துரத்த ஒரு வாரம், கூப்பிட மூன்று மாதம். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

பாயின் கடை மேற்கு வேலிக்குத் திரும்பிவிட்டது. குழிக்கு மூடி. கழிவு மற்ற மாதமெல்லாம் உரக்குழிக்கு, பூக்கிற காலத்தில் டின்னுக்கு. காத்தூன் அக்கா என்னைப் பார்த்து, "இன்னும் எதாச்சும் மனு இருக்குதா?" என்றாள். "சாக்கடைக்கு ஒண்ணு இருக்குது" என்றேன். "குடு, நானும் கையெழுத்துப் போடறேன்."

ஜூன் 8, ஞாயிறு

காய் பறிப்பு. விடியும்போதே ஆட்கள் வந்துவிட்டார்கள். பாய் கடையைச் சாத்திவிட்டுக் கூடை தூக்க வந்தார்.

அப்பா நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்: "பதினேழு முடிஞ்சுதா? இருவத்திரெண்டுக்கு ஏணிய தூக்கு! அஞ்சு இன்னும் ஒரு வாரம் நிக்கட்டும், தொடாத!"

சிவப்பு பெயின்ட் கொஞ்சம் உரிந்திருக்கிறது. அடுத்த வாரம் வரும்போது ஓசூரிலிருந்து ஒரு சின்ன டப்பா வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். எண்ணெல்லாம் திரும்ப எழுத வேண்டுமாம்.